நோராவின் வாய், என் குரல்

நான் செத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் தொடங்கிப் பதினோராவது நிமிஷத்தில், டீத் தட்டோடு மாடிப்படி ஏறும்போது, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் கழுத்தை நெரிக்கும். எனக்கு இரண்டே வசனம். "டீ கொண்டுவந்திருக்கிறேன், அம்மணி." அப்புறம், "யாரது?" அதோடு வேலைக்காரி பெட்ஸி காலி. 'சதுப்பு மணமகள்' என்ற அந்தக் கண்றாவிப் பேய்ப்படத்துக்காக நாற்பத்து மூன்று வருஷம் கழித்தும் இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கத்து ஹோட்டலில் நடக்கும் ரசிகர் கூட்டத்துக்கு வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுகிறார்கள். மேசை போட்டு உட்காரவைத்து, என் கழுத்து நெரிபடும் போட்டோவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். நல்ல ஜனங்கள்தான். பிள்ளைகுட்டிக்காரர்கள். ஏன் இப்படி அலைகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பக்கத்து மேசையில் லெஸ்லி. படத்தில் சதுப்பிலிருந்து எழுந்துவரும் பிரபு அவன்தான். இப்போது சக்கர நாற்காலி. ஹால் சில்லிட்டுக் கிடந்ததால் அந்தப் பழைய கறுப்பு அங்கியை முழங்காலுக்குப் போர்த்திக்கொண்டு சாஸேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான்.

"கிழவி, உன் பக்கம் கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. என்ன சொக்குப்பொடி போட்ட?"

"நீ திங்கற அழகப் பாத்து பயந்து இந்தப் பக்கம் ஓடி வர்றாங்க. வாயத் தொடச்சிக்க."

அப்படி அவனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் வந்தாள். கறுப்புச் சட்டைத் தாடிக்காரர்களுக்கு நடுவே நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், வேலைக்கு நேர்காணல் வந்தவள் மாதிரி நல்ல கோட்டு போட்டுக்கொண்டு. முறை வந்ததும் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு என்னத் தெரியாதுல்லா. நான் நோராவோட மக."

என் பேனா நின்றுவிட்டது. படத்தின் கதாநாயகி நோராவின் மகள் என்றதால்கூட இல்லை, அந்தக் குரலால். பர்ன்லி பக்கத்து வடக்குப் பேச்சு. ஒவ்வொரு சொல்லையும் கடைசியில் கொஞ்சம் இழுத்து, எப்போதும் லேசாகச் சளி பிடித்தது போல. அந்தக் குரலை நான் ஒன்றரை நாள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"நோரா ஹிண்டில் மகளா?"

"ஆமா. ஹெதர். ஹெதர் தெல்மா. நடுப்பேரு உங்க பேருதான், எங்கம்மா வச்சது. அந்தப் படத்துல இருந்தவங்கள்ல நீங்க ஒருத்திதான் அவகிட்ட பிரியமா இருந்தீங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு."

பேனாவை மூடி வைத்தேன். அவளே பேசினாள்.

"அம்மா போகும்போது எனக்கு ரெண்டு வயசு. முகம் போட்டோவுல இருக்கு. குரல் இந்தப் படத்துல மட்டுந்தான் இருக்கு. எனக்குப் பதினோரு வயசாவும்போது டிவில போட்டாங்க, அப்பா டேப்புல பிடிச்சு வச்சாரு. எனக்கு இருட்டுன்னா ஆகாது. இதக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன். என் பிள்ளைங்களையும் இதப் போட்டுத்தான் தூங்க வச்சேன்."

போனை எடுத்து என் முன்னால் பிடித்தாள். மணப்பெண் உடையில் நோரா, கையில் மெழுகுவத்தி, பயந்து அழும் ஒரு குழந்தையின் கட்டிலருகே குனிகிறாள். "அஞ்சாதே, என் கண்ணே. நான் இங்கேதான் இருக்கிறேன்."

இருபத்தாறு வயதில் இருந்த என் குரல்.

"என்ன அழகா பேசுதா பாத்தீங்களா? மகாராணி மாதிரி," என்றாள் ஹெதர். "நான் பேசுதத பாருங்க, மீன் விக்கிறவ கணக்கா. எங்கம்மாட்ட இருந்து எனக்கு ஒண்ணுமே வரல."

கண் சட்டென்று சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. ஏனென்றால் ஒவ்வொரு வருஷமும் மூன்று மணிக்கு மேடையில் எங்கள் கச்சேரி ஒன்று உண்டு. நோராவுக்குப் பின்னணிக் குரல் நான் கொடுத்த கதையை லெஸ்லி கண்ணீர் வரச் சிரிக்கவைத்துச் சொல்வான். முடிவில் நான் எழுந்து அந்த வசனத்தைச் சொல்வேன். ஹால் அதிரும். வாழ்நாளில் நான் வாங்கிய கைதட்டல் அவ்வளவுதான், அதையும் நோராவின் முதுகில் ஏறி நின்று வாங்கினேன்.

"மூணு மணிக்கு என்னவோ மேடையில பேசுவீங்களாம்லா? முன்வரிசையில இடம் பிடிச்சு வச்சிருக்கேன்," என்றாள் ஹெதர்.

இதை எப்படிச் சொல்வது? எழுபத்தோராம் வருஷம் பிப்ரவரி. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கூரை ஒழுகும் ஒரு பழைய மாளிகை. பதினைந்து நாளில் படம் முடியவேண்டும். தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் அங்கே பதிவான சத்தம் எதுவும் படத்துக்கு உதவாது என்று எல்லோருக்கும் தெரியும். வசனம் முழுக்கப் பிற்பாடு லண்டனில் ஒரு நிலவறையில் உட்கார்ந்து திரும்பப் பேசவேண்டும். பேச்சு பிடிக்காத நடிகைக்கு வேறொருத்தியை வைத்துப் பேசவைப்பார்கள். அதை நடிகையிடம் சொல்லமாட்டார்கள். அவளே தியேட்டரில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளவேண்டும். அந்தக் காலத்தில் இதை ஒருத்தரும் தப்பாக நினைத்ததில்லை.

நோராவுக்கு இருபத்திரண்டு வயது. அந்த முகத்துக்காகத்தான் எடுத்தார்கள். நிஜமான குளத்தில், நிஜமான குளிரில், கல்யாண உடையோடு படுக்கவைத்தார்கள். உதடு நீலமாகிவிட்டது. மேக்கப் மிச்சம் என்று டைரக்டர் சந்தோஷப்பட்டார். நாங்கள் இருவரும் தங்கிய அறையில் ஒரே ஒரு வெந்நீர்ப் பைதான். அதை எனக்குத்தான் கொடுப்பாள். "நீ வச்சுக்க பிள்ள, நான் வடக்கத்தியாளு, குளிரு என்ன செய்யும்?" என்பாள். பல் கிடுகிடுத்துக்கொண்டே சொல்வாள்.

வசனம் மட்டும் அவள் நாக்கில் ஏறவில்லை. 'அஞ்சாதே, என் கண்ணே' என்று எழுதிக்கொடுத்தால், கேமரா ஓடும்போது, "பயப்படாத பிள்ள, நான் இங்கனதான இருக்கேன்" என்று வந்துவிடும். அந்தக் குழந்தை நிஜமாகவே பயந்து அழுததால் அவளுக்கு அப்படித்தான் சொல்லத் தெரிந்தது. ஏழு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, "விடு, பிரபுவோட பெண்டாட்டி மீன் விக்கிறவ மாதிரி பேசறா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று டைரக்டர் போய்விட்டார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை இல்லை, வாடகை பாக்கி. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இருட்டறையில், காதில் நோராவின் அசல் குரல், திரையில் அவள் வாய். சொல்லி மாளாது அந்தப் பாடு. அவள் வாய் மூடும் இடத்தில் என் சொல் முடியாது. இழுத்தும் சுருக்கியும் எப்படியோ ஒப்பேற்றினேன். அவள் பேசிய டேப்பை அடுத்த படத்துக்காக அழித்துவிட்டார்கள்.

முதல் காட்சிக்கு நோரா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. பர்ன்லியில் அவள் அம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்தாள், எல்லோரும் போய்ப் பாருங்கள் என்று. திரையில் அவள் வாய் திறந்தது. என் கைக்குள் இருந்த அவள் கை அசையாமல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"நீயா பிள்ள?"

"இல்ல," என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி வரை பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்கப்புறம் ஊருக்குப் போய்விட்டாள், நடிக்கவே இல்லை. இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. நான் பதில் போடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போடுவது? எழுபத்து நாலில் பனியில் ஒரு லாரி வழுக்கி, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள் போய்விட்டாள். எனக்குத் தெரியவே நாலு வருஷம் ஆயிற்று.

ஹெதர் டீ வாங்கப் போனதும் லெஸ்லியின் சக்கர நாற்காலியை இழுத்து ஓரமாகக் கொண்டுபோனேன்.

"இன்னிக்கு அந்தக் கதை வேண்டாம்."

"எந்தக் கதை?"

"தெரியாத மாதிரி நடிக்காத, நடிப்பு உனக்கு என்னிக்குமே வந்ததில்ல. நோராவோட பொண்ணு வந்திருக்கு. படத்துல கேக்கறது அவ அம்மா குரல்னு நெனச்சிட்டிருக்கு."

லெஸ்லியின் முகம் மாறியது. "அடக் கடவுளே. நீயே போய்ச் சொல்லிடு தெல்மா. இப்பவே சொல்லிடு."

"சொல்றேன். முடிஞ்சதும் சொல்றேன்."

"அன்னிக்கு நோராகிட்ட சொல்லிடுன்னப்பவும் இதத்தான் சொன்ன."

அவன் சொன்னது சரிதான். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. ஒன்றரை மணி நேரம். இரண்டு தடவை அவள் டீ குடித்துக்கொண்டிருந்த மேசை வரை போனேன். ஒரு தடவை கோட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு தடவை பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். கோழை! பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டேன், வாய் மட்டும் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு மேடை ஏறினோம். நோராவின் மகள் வந்திருக்கிறார் என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹெதர் வெட்கப்பட்டுப் பாதி எழுந்து உட்கார்ந்தாள். லெஸ்லி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். சர்க்கரைப் பாகில் செய்த ரத்தத்துக்கு எறும்பு வந்த கதையைச் சொல்லி நேரத்தை ஓட்டினான். முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"தெல்மா! அந்த வசனம்!" என்று பின்னாலிருந்து ஒருவன். உடனே மொத்த ஹாலும், "அஞ்சாதே! அஞ்சாதே!"

"தொண்டை கட்டியிருக்கு," என்றேன்.

"பொண்ணுக்காகச் சொல்லுங்க!" மைக்கை வைத்திருந்த தாடிக்காரர் ஹெதர் பக்கம் திரும்பினார். எத்தனை வருஷமாக வருகிறவர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன். முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குப் பரிசு கொடுப்பதாகத்தான் நினைத்தார். "உங்க அம்மாவுக்கு முழுப் படமும் குரல் குடுத்தது இவங்கதாங்க. இங்க எல்லாருக்கும் தெரியும். கேட்டா அசந்துபோயிடுவீங்க!"

ஹெதர் அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அதே பார்வை, நோரா இருட்டில் திரும்பிப் பார்த்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஹால் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. அந்த மனுஷன், "நான் என்ன தப்பாச் சொன்னேன்?" என்று கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

முழங்கால் வலியோடு ஓடினேன். வெளியே தூறல். கார் நிறுத்துமிடத்தில், கதவு திறந்திருக்க, காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கப்பாவுக்குத் தெரியும்லா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"தெரிஞ்சிருக்கும். அவர் கட்டினவளோட குரல் அவருக்குத் தெரியாதா?"

"டிவிப் பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். அவரு சொல்ல முடியாமப் போயிருப்பாரு." இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "அவளுக்குத் தெரியுமா? நீங்கதான்னு?"

"கேட்டா. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

"நான் அதுக்கு அடுத்த வருஷந்தான் பொறந்தேன். நம்பித்தான் உங்க பேர வச்சாளா, இல்ல தெரிஞ்சும் வச்சாளா?"

"தெரியலம்மா."

நாற்பத்து மூன்று வருஷத்தில் அவளைப் பற்றி நினைக்காத குளிர்காலம் கிடையாது. என் பொய்யை நம்பி வைத்திருந்தாலும் நெஞ்சு வலிக்கிறது. மன்னித்து வைத்திருந்தால், அந்த அட்டைகளுக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தேனே, அது இன்னும் வலிக்கிறது.

"அப்ப அவ எப்படித்தான் பேசுவா?"

"உன்ன மாதிரி. அப்படியே உன்ன மாதிரி."

"சும்மா இருங்க! போதும், இன்னும் எத்தன பொய்?" முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளைத் தொடக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

"என்ன நம்பாத," என்றேன். "அந்தப் போன எடு. சத்தத்த முழுக்கக் கொறச்சிடு. அவ வாய மட்டும் பாரு. படத்து வசனத்தச் சொல்லாத. உன் பிள்ள இருட்டப் பாத்து அழுதா என்ன சொல்லுவ, அதச் சொல்லு."

கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் எடுத்தாள். மெழுகுவத்தி, கட்டில், குனிகிற நோரா. சத்தமில்லாமல் உதடு அசைந்தது. ஹெதர் பிந்திவிட்டாள். திரும்ப வைத்தாள்.

"பயப்படாத பிள்ள," என்றாள், மூக்கு அடைத்த குரலில், "நான் இங்கனதான இருக்கேன்."

நோராவின் வாய் சரியாக அந்த இடத்தில் மூடியது. நான் இழுத்தும் சுருக்கியும் ஒப்பேற்றியது போல ஓர் இடம்கூட இல்லை. எழுபத்தொன்றில் காதுக்குள் கேட்டது அப்படியே வெளியே கேட்டது.

"பொருந்துதுல்லா," என்றாள். "எம்மா. பொருந்துதுல்லா."

"மன்னிச்சிடு—" என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க." கெஞ்சுவது போலத்தான் சொன்னாள். "உங்க குரல் இப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாதீங்க."

மறுபடி முதலிலிருந்து வைத்தாள். மறுபடி. மறுபடி. தூறல் என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்காவது, நோரா பேசும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.