ஐவி மிஸ் இறந்துபோன பட்டியல்

எங்கள் பட்டியலின்படி ஐவி மிஸ் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. ஆனால் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் மாதா கோயிலின் பங்கு அலுவலகத்தில், என் எதிரில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மயிலாப்பூரில் இருக்கும் அந்தக் கோயிலுக்கு இணையதளம் செய்து கொடுத்தது நானும் காஸ்பரும். ஒரே கல்லூரி, மூன்றாம் ஆண்டு. காஸ்பர் அந்தக் கோயிலின் பங்கைச் சேர்ந்தவன். நான் திருவல்லிக்கேணி, பெயர் சஃப்வான். பங்கு மக்கள் தளத்தில் கணக்குத் தொடங்கி 'மின்மடல் வேண்டும்' என்று டிக் அடித்தால், வெள்ளிதோறும் மடல் வரும். எந்தப் பூசை எத்தனை மணிக்கு, யாருடைய நினைவாக என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஐவி மிஸ்ஸின் கணவர் ஃபிரெட்ரிக்கின் ஆறாம் மாத நினைவுப் பூசையை மாலை ஆறிலிருந்து ஐந்தரைக்கு மாற்றியதும் அதில்தான் இருந்தது. மிஸ்ஸுக்கு மடல் வரவில்லை. நாத்தனார்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு ஆறு மணிக்குப் போனபோது, கோயில்பிள்ளை மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தார். இந்தச் சனிக்கிழமை முதலாம் ஆண்டுப் பூசை.

"ஸ்பாம்ல பாத்தீங்களா மிஸ்?" என்றேன்.

"முப்பது வருஷம் எட்டாங்கிளாஸுக்குக் கணக்கு எடுத்தவ நான். ஸ்பாம் எங்க இருக்குன்னு தெரியும். அதுலயும் இல்ல."

"பூசை நேரம் அஞ்சரைதான் மிஸ்," என்று அலுவலகத்தைக் கவனிக்கும் ஜொவிட்டா அக்கா சமாதானமாகச் சொன்னார். "நான்தான் போன்லயே சொல்லிட்டேனே."

"நேரம் தெரியும் ஜொவிட்டா. எனக்கு மடல் வரணும். எல்லாருக்கும் வர்ற மாதிரி."

தளத்தைத் திறந்தேன். ஐவி மிஸ் கணக்கு உயிரோடு இருந்தது. டிக்கும் இருந்தது. மடல் அனுப்பும் சேவையைத் திறந்தேன். அங்கே அதே முகவரிக்கு நேரே 'விலகியவர்' என்று இருந்தது.

"இன்னா மச்சி, இதுல ஒண்ணு கீது, அதுல ஒண்ணு கீது?" என்றான் காஸ்பர்.

"விலகியவரா? யாரு, நானா?" என்றார் மிஸ்.

"சிஸ்டம் அப்படிச் சொல்லுது மிஸ்," என்றேன். இந்த ஊரில் யாரையும் வாயடைக்க வைக்கும் வாக்கியம் அது. ஐவி மிஸ்ஸிடம் அது பலிக்கவில்லை.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன எழுதியிருக்கு, படி."

படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். 'இறப்பு' என்று இருந்தது.

இது எப்படி நடந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொல்லத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. பங்கில் ஒரு குடும்பத்துக்கு ஒரு கார்டு. கார்டு குடும்பத் தலைவர் பெயரில். தலைவர் இறந்தால் ஜொவிட்டா அக்கா மூலையில் ஒரு சிலுவை போட்டு, தளத்திலும் அதைப் பதிவார். போன வருடம், இறந்துபோன ஒருவருக்கு எங்கள் மடல் 'திருமண நாள் வாழ்த்து' அனுப்ப, அவர் மகன் சண்டைக்கு வந்துவிட்டார். அன்றே நான் ஒரு விதி எழுதினேன்: சிலுவை விழுந்த கார்டில் உள்ள மின்னஞ்சலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. காஸ்பர் அதற்காக எனக்குச் சமோசா வாங்கிக் கொடுத்தான். கார்டில் மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு கட்டம்தான். ஃபிரெட்ரிக்குக்கு மின்னஞ்சல் கிடையாது. கட்டத்தில் இருந்தது மிஸ்ஸின் முகவரி.

"செத்தது அவரு. எடுத்தது என்னை," என்றார் மிஸ்.

"இப்பவே சேத்துடறேன் மிஸ்."

சேர்த்தேன். சேவை மறுத்தது. விலகியவரை வேறு யாரும் சேர்க்க முடியாதாம். ஓர் இணைப்பு வரும், அவரே அதை அழுத்தி விருப்பத்தை உறுதி செய்ய வேண்டுமாம்.

"அதாவது, சாகடிச்சது நீங்க. உயிரோட இருக்கேன்னு மனு போட வேண்டியது நானு. பென்ஷன் ஆபீசுக்கு வருஷா வருஷம் லைஃப் சர்டிபிகேட் குடுக்கிறேன். கோயிலுக்கும் குடுக்கணுமா காஸ்பர்?"

காஸ்பர் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை ஆராய்ந்தான்.

"என்னை மாதிரி எத்தனை பேரு?"

இந்தக் கேள்வியை நாங்கள் பதினொரு மாதமாகக் கேட்டதில்லை. தேடிப் பார்த்தேன். முப்பத்தொன்று. எல்லாரும் பெண்கள்.

"பெண்டாட்டி செத்த வீடுங்க?"

அங்கே கார்டு கணவர் பெயரில்தானே. சிலுவை விழாது. ஒருவருக்குக்கூட மடல் நிற்கவில்லை.

"இத்தனை பேர்ல ஒருத்தருமா வந்து கேக்கல?"

ஜொவிட்டா அக்கா மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பேரு கேட்டாங்க மிஸ். அவங்களே, அவர் போயிட்டாரு, இனிமே நமக்கு வராதுபோலன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சேன்."

ஐவி மிஸ் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டார். "முப்பத்தோரு பேருக்கும் அந்த இணைப்பை அனுப்பு. ஜொவிட்டா போன் போடட்டும். எல்லாரும் அழுத்தினப்புறம் நான் கடைசியா அழுத்தறேன்."

அக்கா முப்பது வீட்டுக்கும் போன் போட்டார். நான் ஒவ்வொரு பெண்ணாக உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டேன். ஏழே காலுக்கு மிஸ் தன் போனை எடுத்து அழுத்தினார். பட்டியலில் பச்சை விழுந்தது. நாங்கள் விதியை அழித்தோம். காஸ்பர் சமோசா பற்றிப் பேச்செடுக்கவில்லை.

வெள்ளி காலை பத்துக்கு மடல் போனது. பத்து மணி நான்கு நிமிடத்துக்கு ஐவி மிஸ்ஸின் பதில் வந்தது. முதலில் நாங்கள் அனுப்பியதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்:

'அன்புள்ள திரு. ஃபிரெட்ரிக் அவர்களுக்கு, சனி மாலை 5.30: திரு. ஃபிரெட்ரிக் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. தாங்கள் தவறாமல் கலந்துகொள்ள அன்புடன் அழைக்கிறோம்.'

மடலுக்கான பெயரைக் கார்டிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்ததும் நான்தான். முப்பத்தோரு பேருக்கும் இறந்துபோன கணவர் பெயரில்தான் போயிருந்தது.

அதன் கீழே மிஸ் எழுதியிருந்தார்: 'அவரால் வர இயலாது. நான் வருகிறேன். ஐந்து மணிக்கே வருவேன். கார்டுப் பெட்டியை மேசைமேல் எடுத்து வை. பேனாவும்.'

சனிக்கிழமை நாங்கள் மூவரும் நாலே முக்காலுக்கே காத்திருந்தோம். மிஸ் ஐந்து மணிக்கு வந்தார். முதலில் தன் வீட்டுக் கார்டை எடுத்து, 'குடும்பத் தலைவர்' என்ற வரிக்கு நேரே தன் பெயரைத் தானே எழுதினார். மை காயும்வரை கார்டை யாரிடமும் கொடுக்கவில்லை. பிறகு பூசைக்குப் போனார்.

மிச்சம் முப்பதை நாங்கள் எழுதினோம்.