குழாயடிக்குக் கேட்கிற கடலை

செடெனாக் ஊரிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பத்தொன்பது வீட்டுக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். விடியுமுன் ஒருதரம் திறப்பார்கள், மாலை நாலு மணிக்கு ஒருதரம் திறப்பார்கள். யார் குடம் எத்தனையாவது என்பது கல்லில் வெட்டிய எழுத்து மாதிரி. யாரும் மாற்ற முடியாது. சந்திரமதி கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகையால் அவள் குடம் பத்தொன்பதாவது.

முதல் குடத்தில் யானை துதிக்கையால் ஊற்றுவதுபோல் விழும் தண்ணீர், அவள் முறை வருவதற்குள் ஊசியில் கோக்கிற நூலாக இளைத்துவிடும். அந்த நூல் குடத்தை நிரப்புவதற்குள் பெரட்டு மணி அடித்துவிடும். ஆள் எண்ணும் அந்தப் பெரட்டுக் களத்துக்கு அவள் தினமும் மூச்சிரைக்க ஓடி, தினமும் கடைசியாகப் போய் நின்று, தினமும் ஆள் மேய்க்கும் தண்டலிடம் திட்டு வாங்கினாள். முதல் குடம் வெள்ளையம்மாவுடையது. பதினோரு வருஷமாக அந்த அம்மாள் பெரட்டுக்குக் கொண்டையில் பூ வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போனாள்.

ஒரு நாள் மாலையில் வெள்ளையம்மா முந்தானையில் கொண்டைக்கடலை வறுத்துக் கொண்டுவந்து, குழாயடியில் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தாள். சந்திரமதிக்குப் பக்கத்து வீட்டுக் கருப்பாயி ஒன்றைக் கடித்தாள். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ வெள்ளையம்மா, இது கடலையா, ரோட்டுக்குப் போடுற கல்லா? எம் பல்லு ஒண்ணு ஆடுது பாரு!"

"நான் என்னடி பண்ணுவேன்? இந்த ஊரு ஈரத்துல உப்பே அழுவுது. தீக்குச்சி பத்த மாட்டேங்குது. கடலை மட்டும் மொறுமொறுன்னு வருமாக்கும்? எவ வறுத்தாலும் இப்பிடித்தான்."

இரண்டு மாதமாகக் குழாயடியில் வாயைத் திறக்காத சந்திரமதி அன்றைக்குத்தான் திறந்தாள்.

"வறுக்கலாம்க்கா. கடிச்சா இந்தக் குழாயடிக்குக் கேக்குற மாதிரி வறுக்கலாம்."

பதினெட்டுத் தலைகள் ஒருசேரத் திரும்பின. சொன்ன சந்திரமதிக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அலமாக்!" என்றாள் கருப்பாயி. "ஊமைக்கு வாய் வந்துருச்சு!"

வெள்ளையம்மா இடுப்பில் கையை வைத்தாள். "குழாயடிக்குக் கேக்கணுமா? சரி. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, உன் வீட்டு வாசல்ல நின்னு ஒருத்தர் கடிக்கட்டும். இங்க கேட்டுச்சுன்னா என் எடம் உனக்கு. கேக்கலைன்னா தீவாளி வரைக்கும் என் வீட்டுத் தண்ணியையும் நீதான் தூக்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொன்னது கருப்பாயி. சந்திரமதி தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாளே கடைவீதியில் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் ஒரு படி கடலை வாங்கி வறுத்துப் பார்த்தாள். வெளியே கரி, உள்ளே கல். புருஷன் வீரமுத்து ஒன்றைக் கடித்துவிட்டு, மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் மென்று, பிறகு கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"நல்லா இருக்கு புள்ள" என்றான்.

"எது? துப்புனதா?"

அவளுக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தபோதே ஞாபகமும் வந்தது. கூறைச்சேலை எடுக்க அவளைத் தங்காக் நகரம் வரை கூட்டிப் போயிருந்தார்கள். பெரியவர்கள் ஜவுளிக்கடையில் சேலையைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும், மணப்பெண் எதிரே நின்ற கடலைக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டியில் கடலை மட்டுமா கிடந்தது? மணல்! சூடான மணலில் ஒருதரம் வறுத்து, சலித்து, மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி வைத்து, திரும்பவும் நல்ல சூட்டு மணலில் போட்டுப் புரட்டினார்.

மணலுக்கு எங்கே போவது? தோட்டம் முழுக்கச் செம்மண், கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற பசை. ஆற்றுக்குப் போனால் சேறு. நல்ல சுத்தமான மணல் அந்தத் தோட்டத்திலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது. ரப்பர்த் தகடுகளைப் புகை போட்டு உலர்த்தும் புகைவீட்டு வாசலில், தீப்பிடித்தால் கொட்டுவதற்காக, சிவப்பு வர்ணம் அடித்த நாலு இரும்பு வாளிகளில். அந்தப் புகைவீட்டுக்குக் காவல், அவள் புருஷன் வீரமுத்து.

"முடியாது" என்றான் வீரமுத்து.

"ஒரே ஒரு வாளிங்க."

"தீப் புடிச்சா?"

"கடலையோட கொண்டாந்து கொட்டுறேன்."

"துரை கேட்டாருன்னா?"

"அவருக்கும் ஒரு கை குடுக்குறேன்."

வீரமுத்து யோசித்தான். தீபாவளி வரைக்கும் வெள்ளையம்மா வீட்டுத் தண்ணீர் என்றால் பாதிக் குடம் தன் தோளுக்குத்தான் வரும் என்பது அவனுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலாவது வாளி சாக்குப் போர்த்திக்கொண்டு அவர்களுடைய லயத்து வீட்டுக்கு வந்தது.

கருப்பாயியின் அதிரசச் சட்டி அந்த வாளி மணல் முழுவதையும் விழுங்கியது. சந்திரமதி முதல் வறுப்பை முடித்து, மஞ்சள் உப்புத் தண்ணீர் தெளித்து மூடினாள். மத்தியானம் வழக்கம்போல மழை கொட்டித் தீர்த்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணிக்கு மேல் மறுபடியும் அடுப்பை மூட்டினாள். மணலில் அனல் ஏறியதும் கடலை எல்லாவற்றையும் கொட்டிப் புரட்டினாள். இரண்டு புரட்டுதான் ஆகியிருக்கும். கடலைகள் சிலிர்க்கத் தொடங்கின. அவளுக்கும் சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது.

"கிராணி வராரு!" வீரமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்குத் துரை பாக்க வராராம். இப்பவே வாளியை எண்ணப் போறாராம். மணலைக் குடு, மணலைக் குடு!"

"இன்னும் வேகலைங்க!"

"என் வேலை வெந்துரும் புள்ள!"

சலிக்க ஏது நேரம்? மணலும் கடலையுமாகச் சட்டியை அப்படியே வாளியில் கவிழ்த்தாள். வீரமுத்து கைப்பிடியைச் சாக்கால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "ஸ்ஸ், ஆ, ஸ்ஸ்" என்று காவடி எடுக்கிறவன் மாதிரி ஆடிக்கொண்டே புகைவீட்டுக்கு ஓடினான்.

சந்திரமதி வெறும் சட்டியைப் பார்த்தாள். மணி நாலு. வேகாத கடலை, அதுவும் வாளிக்குள்ளே. குடத்தை எடுத்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவள்போலக் குழாயடிக்குப் போனாள்.

"எங்கடி கடலை?" என்றாள் வெள்ளையம்மா.

சந்திரமதி கையை நீட்டிக் காட்டினாள். அங்கே, அவள் வீட்டைவிட இன்னும் தள்ளி இருந்த புகைவீட்டு வாசலில், கனகசபைக் கிராணியார் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சிரித்ததைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆளும், அது கொட்டாவியாக இருக்கலாம் என்று பிறகு மாற்றிச் சொல்லிவிட்டான். அவரைக் கண்டதும் குழாயடியே வாயை மூடிக்கொண்டது.

"நாலு வாளியும் நிறைஞ்சிருக்கோ?"

"நெறைஞ்சிருக்குங்கய்யா."

"அதென்ன பூனை? மற்ற மூண்டையும் விட்டிட்டு இந்த வாளியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கு?"

மழை ஈரத்தில் நனைந்த புகைவீட்டுப் பூனை நாலாவது வாளியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிச் சொர்க்கத்தில் இருந்தது.

"அதுக்கு இந்த வாளியத்தான் புடிக்குங்கய்யா."

பட்!

"உதென்ன சத்தம்?"

வீரமுத்து தன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "கொசுங்கய்யா."

பட்! பட்!

வீரமுத்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். சூட்டு மணலுக்குள் புதைந்து கிடந்த கடலைகள் ஒவ்வொன்றாகத் தோல் வெடித்துக்கொண்டிருந்தன. பட், பட்பட், பட்! வீரமுத்து தோளில் அடித்தான், தொடையில் அடித்தான், முதுகுக்குக் கை எட்டாமல் குதித்தான். குழாயடியில் கருப்பாயி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சந்திரமதி பயத்தையும் சிரிப்பையும் சேர்த்துக் குடத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

கிராணியார் குடை நுனியால் மணலைக் கிளறினார். மஞ்சளாக ஒன்று உருண்டு வெளியே வந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மணலுக்குள்ள கல்லு! நெருப்பை அணைக்கவோ வைச்சிருக்கிறாய், கல்லெறியவோ?"

"கல்லு இல்லீங்கய்யா."

"கல்லில்லாமல் என்ன?"

"கடிச்சுப் பாருங்கய்யா" என்றான் வீரமுத்து. ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

கிராணியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பொருளைக் கைக்குட்டையில் துடைத்தார், ஊதினார், முகர்ந்தார். பிறகு, கணக்கில் பிழை பிடிக்கிறவரின் நிதானத்தோடு, கடைவாயில் வைத்தார்.

கடக்!

குழாயடியில் கேட்டது. பத்தொன்பது பேருக்கும் கேட்டது. பூனைகூட ஒரு கண்ணைத் திறந்தது.

கிராணியார் மெல்ல மென்றார், விழுங்கினார். குனிந்தார். இன்னொன்றை எடுத்தார்.

கடக்!

"நாளைக்குத் துரை வர முன்னம் இதுக்குள்ள மணல் மட்டும்தான் இருக்க வேணும். விளங்கிச்சோ?"

"வெளங்கிச்சுங்கய்யா."

அவர் ஒரு கை அள்ளிக் விரலிடுக்கில் மணலைச் சலித்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். கடக், கடக், கடக் என்று அவர் போகும் வழியெல்லாம் சத்தம். ரப்பர் மரங்களுக்குள் பாதை திரும்பி, குடை மறைந்த பிறகும் ஒருதரம் கேட்டது.

வெள்ளையம்மா தன் குடத்தை எடுத்தாள். அதைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் 'ணங்' என்று வைத்தாள்.

"ரெண்டு பேச்சு எனக்குக் கெடையாது" என்றாள். பிறகு சந்திரமதியின் காதருகே குனிந்தாள். "ஏன் புள்ள, எப்பிடி வறுத்த?"

"பாதியில எறக்கி, வாளியில போட்டு, அவரை ஓட விட்டேங்க்கா."

அதற்குள் கருப்பாயி ஓட ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் ஒருத்தி, இருவர், எல்லோரும். வெள்ளையம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோரையும் முந்தினாள். "தள்ளுங்கடி, தோத்தவ நாந்தான், எனக்குத்தான் மொதல்ல!" வீரமுத்து வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மணலைச் சிந்தாதீங்க, நாளைக்குத் துரை வராரு!" என்று கத்தினான். யார் கேட்டது?

அப்போது குழாய் திறந்தது. பதினெட்டுக் குடங்கள் வாயைப் பிளந்து நின்றன. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. சந்திரமதி தன் குடத்தை முதல் இடத்தில் வைத்தாள். யானைத் துதிக்கையாகத் தண்ணீர் விழுந்தது. குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது. சிரித்துச் சிரித்து இடுப்பில் பலமில்லாமல், அவளால் அதைத் தூக்கத்தான் முடியவில்லை.