மாதா கட்டிக்கினு வந்த என் கல்யாணப் பொடவ

என் நாத்தனார் இன்னாசியம்மாவப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லுன்னா எனக்கு வாய் வராது. வேலூர்ல ஆபீஸ்காரரக் கட்டிக்கினவங்க. ஆரணிக்கு வந்தா மூக்கப் பொத்திக்கினுதான் எங்க தெருவுல நடப்பாங்க. என்னமோ தறிச் சத்தமே கேக்காம வளந்தவங்க மாதிரி!

எழுபத்தாறுல என் கல்யாணத்தப்பவே ஆரம்பிச்சாங்க. "என்னாடி இது, ஆரணிப் பட்டா? காத்தடிச்சா பறந்துடும் போல இருக்குது. நல்லதா ஒரு நைலக்ஸ் எடுத்திருக்கலாமில்ல?" நைலக்ஸாம் நைலக்ஸ்! வேர்த்தா ஒடம்போட ஒட்டிக்கினு வர்ற சனியன்.

அந்தப் பொடவ எங்கப்பா பெரியநாயகம் தன் கையால தறியில நெஞ்சது. அரக்குக் கலரு, மாம்பழக் கலர் பார்டரு. காலமெல்லாம் முதலாளி குடுத்த பாவு நூல்ல ஊரான் வூட்டுப் பொண்ணுங்களுக்கு நெஞ்ச மனுசன், தன் பொண்ணுக்குன்னு நெஞ்சது அது ஒண்ணுதான். தறியில மிஞ்சின நூல வெச்சு அதே கலர்ல சடைக்குக் குஞ்சலமும் கட்டிக் குடுத்தாரு. அடுத்த வருசமே போய்ச் சேந்துட்டாரு. என் பையனுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப அதத்தான் கட்டிக்கினேன். அவன் பால் கக்கின கற முந்தானையில அப்படியே நின்னுபோச்சு. மடிப்பப் பிரிச்சா எங்கப்பாவோட பீடி வாசன வர்ற மாதிரி இருக்கும். பைத்தியம்தான், இருந்துட்டுப் போவட்டும்.

எம்பத்திரெண்டுல அதே நாத்தனார் வந்து இளிச்சாங்க. "அமலோற்பவம், எங்க ஆபீசர் வூட்டுக் கல்யாணம். ரெண்டு நாளைக்குக் குடேன்." பறந்துபோற பொடவ இப்ப எதுக்கு அண்ணின்னு கேட்டேன். எங்க வூட்டுக்காரர் மைக்கேல்ராஜ் என்னப் பாத்துக் கண்ணக் காட்டினாரு. அக்கா எதிர்ல அந்த மனுசனுக்கு முதுகெலும்பே கெடையாது. பொடவ, ஜாக்கெட்டு, குஞ்சலம் எல்லாம் வேலூர் பஸ் ஏறுச்சு. குஞ்சலம் வந்துது. ஜாக்கெட்டும் வந்துது, அக்குள்ல கிழிஞ்சு. பொடவ மட்டும் வரல. கேட்டா, "டிரை கிளீனிங் போட்டுக்கீறேன்"னாங்க. மாசக்கணக்கா டிரை கிளீனிங்!

மாதா திருவிழா வந்துது. தேர் எங்க தெருவுல திரும்பறப்ப நிமிந்து பாத்தேன். என் பொடவையக் கட்டிக்கினு மாதா நிக்கறாங்க. அந்தப் பால் கறயோட! பக்கத்துல அண்ணி, கண்ண மூடி கைகூப்பிக்கினு. புருசனுக்குப் புரமோசன் கெடச்சா பட்டுப் பொடவ சாத்தறேன்னு நேந்துக்கினாங்களாம். நேத்திக்கடன் இவங்களுது, பொடவ என்னுது! மாதாவயே ஏமாத்தற துணிச்சல் வேற யாருக்கு வரும்?

மாதாவுக்குச் சாத்தினதத் திருப்பிக் கேக்கக் கூடாது. ஆனா திருவிழா முடிஞ்சு கொடி எறக்கினதும் கோயில் வாசல்ல காணிக்கப் பொடவைங்கள ஏலம் வுடுவாங்க, அதுல யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். எங்கப்பா நெஞ்சது எனக்குத் திரும்பி வந்தா போதும்னு, சீட்டுப் பணத்த மடியில கட்டிக்கினு போனேன். நான் கேக்கக் கேக்க அண்ணி ஏத்திக்கினே போனாங்க. என் கையில இருந்தது தீந்துபோச்சு. பொடவ அவங்களுக்கே வுழுந்துது.

வுழுந்ததும் என்ன பண்ணாங்க தெரியுமா? மேடை ஏறி, மைக்க வாங்கி, "இல்லாதப்பட்ட என் தம்பி பொண்டாட்டி ஆசப்பட்டுது. மாதா ஆசீர்வாதமா இத அதுக்கே குடுத்துடறேன்"னாங்க.

எங்க வூட்டுக்காரர் என் முதுகுல இடிச்சாரு. "போ, போயி அக்காவுக்கு நன்றி சொல்லு."

போனேன். பொடவைய வாங்கினேன். மைக்கையும் வாங்கினேன்.

"இது எங்கப்பா என் கல்யாணத்துக்கு நெஞ்ச பொடவ. அண்ணி இரவல் வாங்கிக்கினு போயி, தன்னுதுன்னு மாதாவுக்குச் சாத்தினாங்க. இப்ப அதையே எனக்கு தானம் பண்றாங்க. எவ்ளோ பெரிய மனசு! எல்லாரும் கை தட்டுங்க"ன்னேன்.

கூட்டம் கப்சிப்புன்னு ஆயிடுச்சு. அந்த அமைதியில ஒரே ஒருத்தர் மட்டும் பலமா கை தட்டினாரு. எங்க வூட்டுக்காரர்தான். நான் அவர் அக்காவப் புகழ்றேன்னு நெனச்சுக்கினாராம்.