ஆறிய இஞ்சினில் எடுத்த அளவு

செங்கல்பட்டு மாலை வகுப்பில் தேவிப்பிரியா நோட்டைத் திறந்தபோது மணி ஐந்தரை. பகலில் அவளுக்குக் கோவளத்தில் காசிநாதனின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அன்றன்று பார்த்த வண்டிகளை வண்டிக்கொரு வரியாக எழுதி, எழுதியதை இரண்டு தரம் படித்தால்தான் அவளுக்கு மனசு அடங்கும்.

‘லோகு வேன். இஞ்சின் வேக சென்சார். மீட்டரில் 860 ஓம். நல்லது. காலை ஏழு.’

இரண்டாம் தரம் படித்தபோது, அந்த ஏழு மணியில் அவள் விரல் நின்றது.

ஒரு மணி நேரம் ஓடினால் சில நாள் வண்டி ஓட்டத்திலேயே அணைந்துபோகிறது என்பதுதான் வேன் ஓட்டும் லோகு சொன்ன குறை. அப்படி அணைந்தால் ஸ்டியரிங் இறுகும், பிரேக் கல்லாகும். போன வாரம் நெம்மேலியில் பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கியிருந்தது. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம். கை சுட்டுக்கொள்ளக் கூடாதென்று, மாலையில் விட்ட வண்டியை மறுநாள் நாஸ்தாவுக்கு முன், ஆறிய பிறகுதான் தொடுவார்கள். அவளும் அப்படித்தான் அளந்தாள். சென்சாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூட்டில் மட்டும் விட்டுப்போய் இஞ்சினை நிறுத்தினால்? அதை அவள் பார்க்கவே இல்லை. டீசல் ஃபில்டரை மாற்றி, பயமில்லாமல் ஓட்டலாம் என்று அனுப்பிவிட்டாள்.

அந்த வேன் இப்போது இதே ஊரில், ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து நிற்கிறது. பதினான்கு பேர். அவள் அம்மா சம்பூர்ணமும் அதில். ஆறு மணிக்குக் கிளம்புகிறார்கள்.

லோகுவின் போன் அடித்து ஓய்ந்தது. அம்மா எடுக்கவில்லை. மீட்டரைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். சென்சார் நன்றாகவே இருந்துவிட்டால் ஊரே சிரிக்கும் என்ற நினைப்பும் கூடவே ஓடி வந்தது.

மண்டப வாசலில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. அவள் வேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“காலைல நல்லா கீதுன்னு நீதான சொன்ன?” என்றான் லோகு. “இப்ப இன்னா?”

“ஆறின இஞ்சின்ல பாத்துட்டேண்ணா. சூட்டுல பாக்கல. என் தப்பு.”

காற்றுப்படாமல் நின்றால் சீக்கிரம் சூடேறும் என்று, நின்ற இடத்திலேயே இஞ்சினை ஓடவிட்டு, அரை மணி பொறுக்கச் சொன்னாள். லோகு முணுமுணுத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தான். பொண்ணு பார்த்ததைவிட வண்டி பார்க்க நேரமாகிறதே என்று உள்ளிருந்து ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. இஞ்சின் பிசிறில்லாமல் ஓடியது. கிளம்பலாமா என்று லோகு இரண்டு தரம் கேட்டான். அவளுக்குக் காது மடல் எரிந்தது. இன்னும் கொஞ்சம் என்றாள்.

முப்பத்தோராவது நிமிடம், யாரோ கழுத்தை நெரித்ததுபோல் இஞ்சின் நின்றது. சிரிப்பும் நின்றது.

சுடச்சுட சென்சாரின் இணைப்பைக் கழற்றி முனைகளில் மீட்டரை வைத்தாள். எண்ணே வரவில்லை. கம்பி உள்ளே விட்டுப்போயிருந்தது. அம்மா முதல் ஆளாகக் கீழே இறங்கினாள். பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று மற்றவர்களும் இறங்கினார்கள்.

சூடு தணியத் தணிய மீட்டரில் எண் திரும்பி வந்தது. 860. காலையில் பார்த்த அதே எண்.

லோகு சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டான். அவன் குரலில் கோபமில்லை.

“இதுமாரி காத்தாலயே பாத்து எத்தன வண்டிய அனுப்ச்சிருக்க?”

அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். காலை ஏழு. நல்லது. காலை ஆறே முக்கால். நல்லது. மூன்றாவது வரியில் இருந்தது ஒரு ஸ்கூல் வேன். அதன் நம்பரைத் தேடி, போனைக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.