கோணி போர்த்திய கறி

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா நாளுக்கு மறுநாள் காலை, காஜா பேராங்கில் முந்தின நாள் ஊர்வலத்தைவிட நீளமாக இருந்தது கக்கூஸ் வரிசை. ஊர்ச் சங்கம் நடத்திய சுதந்திர விருந்தில் ஆட்டுக்கறி தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சங்கத் தலைவர் கலியாணசுந்தரமும் நின்றார். தலைவராயிற்றே என்று யாரும் வழிவிடவில்லை.

மாலைக்குள் அவர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். "அந்த அஞ்சல கை பட்ட கறி, வேற எப்படி இருக்கும்? இனிமே யாரும் அவள சமைக்கக் கூப்பிடாதீங்க!" என்று நடுத்தெருவில் முழங்கினார். விருந்துச் சமையலை நம்பியே பிழைத்தவள் அஞ்சலை. ஒப்புக்கொண்டிருந்த கல்யாண வீட்டாரும் வேண்டாமென்று ஆள் அனுப்பினார்கள்.

இத்தனைக்கும், விருந்தன்று காலையில் சமைக்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். தலைவருக்கு அவள் கைமணம் வேண்டும். பெரிய மனிதர்கள் வரும்போது அவள் சாதி முற்றத்தில் நிற்கக் கூடாது. முந்தின சாயங்காலமே சமைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

மீந்த கறியைச் சோதித்த இலங்கைத் தமிழரான ஆஸ்பத்திரி லேப்காரர் பொன்னுதுரை, தலைவரைத் தேடி வந்தார்.

"இரவு கறிய எங்க வச்சனீங்கள்?"

"என் ஸ்டோர்லதான் லா! மூடி, கோணி போர்த்தி, பூட்டி வெச்சேன். சுத்தம்!"

"அதுதான் பிழை. கோணி போர்த்தினா கறி லேசில ஆறாது. கொதிச்சா மற்றக் கிருமி சாகும். இந்தக் கறியில இருந்த கிருமி வித்து மாதிரி ஓட்டுக்குள்ள உறங்கிக் கிடக்கும். கறி இளஞ்சூட்டுக்கு வந்ததும், அதுக்குள்ள இருக்கிற என்சைம் எண்ட சாமான் ஓட்டைக் கரைச்சு எழுப்பிவிடும். பிறகு விடிய விடியப் பெருகும்."

"மறுநாள் சூடு பண்ணோமே?"

"வெதுவெதுப்பாத்தானே? அஞ்சலையில ஒரு பிழையும் இல்ல. கோணி போர்த்தினது ஆர்?"

சுதந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர், ஸ்டோர்ச் சாவியை அவசரமாக மடிக்குள் செருகிக்கொண்டார்.

இருட்டிய பிறகு, பின்சந்து வழியாக அஞ்சலை வீட்டுக்குப் போனார்.

"தப்பு என்னோடதுதான் அஞ்சல. மனசுல வெச்சுக்காத."

அவள் உட்காரச் சொல்லவில்லை. "பழிய நடுத்தெருவுல சொன்னீங்க. மன்னிப்புக்கு மட்டும் பின்சந்தா, தலைவரே? எங்க வெச்சு என் பேரக் கெடுத்தீங்களோ, அங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் அதே தெருவில், அதே ஆட்களின் முன் நின்றார் கலியாணசுந்தரம். மாலை இல்லை, மைக் இல்லை. முகத்தை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

"கறியக் கெடுத்தது அஞ்சல இல்ல. அவள நாலு பேர் கண்ணுல காட்டக் கூடாதுன்னு நெனச்ச என் புத்தி. வெள்ளக்காரன் கொடி எறங்கியும் அது எறங்கல." கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "ஆள மறைச்சு வெச்சு சாப்பிடற சோறு, எவ்வளவு கொதிச்சாலும் சுத்தமாகாதுங்க."