எழுப்ப வேண்டிய குழந்தை

அடுக்ககத் தண்ணீர்த்தொட்டிக் குழுவுக்கு ஒரே ஒரு வருடம் தலைவராக இருந்த புண்ணியத்தில் அவருக்குச் 'சேர்மன்' என்று பெயர். அதிலிருக்கும் கேலி இன்றுவரை அவருக்கு எட்டவில்லை. மருமகளுக்கு அவர் தாய்மாமனும்கூட. ரத்தம் வெளியே போகக் கூடாதென்று அக்காள் மகளையே தன் மகனுக்குக் கட்டிவைத்தவர்.

ரத்தம் வெளியே போகவில்லைதான். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒரே மரபணுவின் பழுதான பிரதிகள் இரண்டும் பேத்தியிடம் வந்து சேர்ந்துவிட்டன. கொழுப்பைச் சக்தியாக்கும் நொதி அவள் உடம்பில் உருவாகாது.

"வயித்தைக் காலியா விடாதீங்க. தூங்கினாலும் எழுப்பிப் பால் குடுங்க. சர்க்கரை இறங்கிட்டா அப்புறம் எழுந்திருக்காமலே போயிடலாம்" என்றார் டாக்டர்.

"நம்ம பரம்பரையில பழுதா? அந்த டாக்டரு படிச்ச காலேஜ்லதான் பழுது" என்றார் சேர்மன்.

அன்று மதியம் மருமகள் மருந்துக்கடைக்குக் கிளம்பினாள்.

"மாமா, அலாரம் அடிச்சதும் எழுப்பிப் பாலைக் குடுத்துடுங்க."

"ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவன்கிட்ட சொல்றியா? போயிட்டு வாம்மா."

கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது புட்டியில் பால் அப்படியே இருந்தது.

"மாமா, பால் குடுக்கலையா?"

"அலாரம் கத்திச்சு, அமத்திட்டேன். என்னா தூக்கம் பாரு! அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா."

அவள் குழந்தையைத் தூக்கினாள். கைகள் துவண்டு தொங்கின. நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள். அசைவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். குளுக்கோஸைக் குழைத்துக் கன்னத்தின் உட்புறம் தடவியபடியே வெறுங்காலோடு படியிறங்கினாள்.

"வண்டி பிடிங்க மாமா!"

"ஏம்மா, தூங்குற புள்ளைய..." என்று ஆரம்பித்தவர் பேத்தியின் உதட்டு நிறத்தைப் பார்த்தார். அவர் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தியது அதுவே முதல் தடவை. மடிப்புக் கலையாத சட்டையோடு நடுரோட்டில் ஓடிப்போய், வந்த காரின் முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினார்கள். மூன்றாவது முறை குளுக்கோஸ் ஏறியது. வெகுநேரம் கழித்துக் குழந்தை முனகியது. பிறகு வீறிட்டு அழுதது. சுவரோரமாக நின்ற சேர்மன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அழுது ஓய்ந்த குழந்தையின் கண்கள் மெல்லச் செருகின. மருமகள் பதறிப்போய் அதன் உள்ளங்காலைச் சுண்டினாள்.

"விடும்மா, குளுக்கோஸ் ஏறுதுல்ல. இப்ப தூங்கலாம்" என்றாள் நர்ஸ்.

மருமகள் தலையாட்டினாள். விரல் கேட்கவில்லை. மறுபடியும் சுண்டினாள்.