எழுத்துக்கும் கோயிலுக்கும் நடுவே

அஞ்சலீனாவின் விசிட்டர் விசா மறுநாள் முடிகிறது. அதற்குள் கணவனின் துணையாக நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் போய்விட வேண்டும். இல்லையென்றால் மன்னாருக்குத் திரும்ப வேண்டியதுதான். வெரிபீ நகரில் விசா முகவர் சிவகௌரியின் அறையில், கணவன் கொட்பிறிக்கும் விமலா அன்ரிக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப ரெண்டு பேரும் எங்கை இருக்கிறியள்?” என்று கேட்டாள் சிவகௌரி.

“வெரிபீ” என்றான் கொட்பிறி.

“ட்ருகனினா” என்று அன்ரியின் ஊரைச் சொன்னாள் அஞ்சலீனா, அதே மூச்சில்.

சிவகௌரியின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன.

“கலியாண எழுத்து மட்டும்தானே முடிஞ்சது” என்றார் விமலா அன்ரி. அவர் அஞ்சலீனாவின் தாயோடு படித்தவர். “பதிவு வைச்ச கையோடை பிள்ளையை அனுப்பேலுமே? தாய்க்கு விசா கிடைச்சு, அவ வந்து, கோயில்லை கலியாணம் நடக்கட்டும். அதுவரைக்கும் பிள்ளை என்னோடை.”

“எங்கடை ஆக்களுக்கு அது விளங்கும் அன்ரி” என்றாள் சிவகௌரி. “கலியாணம் கட்டி வேற வேற வீட்டிலை இருந்தால், ஆபீசருக்கு இது விசாவுக்குக் கட்டினது எண்டுதான் முதல் நினைப்பு வரும்.”

“அப்ப பெடியன்ரை விலாசத்தையே இவளுக்கும் போடும்” என்றார் அன்ரி.

“ஒரு விலாசம்தானே அக்கா” என்றான் கொட்பிறியும்.

ஆபீசர்கள் அந்த வீட்டுக்கு விசாரிக்க வருவதை அஞ்சலீனா நினைத்துப் பார்த்தாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கணவர் எந்தப் பக்கம் படுப்பார்? தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி? அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த வீட்டுக்கு ஒரேயொரு முறை போயிருக்கிறாள். அன்றும் அன்ரியோடு வரவேற்பறைக் கதிரையில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துவிட்டு வந்தாள்.

“பொய் வேண்டாம்.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “உள்ளதை எழுதுங்கோ அக்கா. எங்களைச் சேர்ந்து இருக்க விடேல்லை எண்டு அன்ரி சொல்லட்டும்.”

அன்ரியின் முகம் கறுத்தது. பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“எழுதும் பிள்ளை. நான்தான் மறிச்சனான். படத்துக்கும் தனிய விடேல்லை எண்டு எழுதும்.”

“அன்ரி நடுவிலை இருந்து பொப்கோர்னும் சாப்பிட்டவ, அதையும் போடுங்கோ” என்றான் கொட்பிறி.

சிவகௌரி சிரித்தாள். அஞ்சலீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விண்ணப்பம் போனது. முடிவு வரும்வரை இங்கேயே இருக்கலாம் என்றாள் சிவகௌரி. “ஆனா அவை நம்புவினமோ எண்டதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டன்.”

கார் நிறுத்துமிடத்தில் கொட்பிறி மெதுவாகக் கேட்டான். “இனி என்ன, என்னோடை வாருமன்.”

அன்ரி கார்ச் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது.

ட்ருகனினாவில் இருக்கிறேன் என்று இப்போதுதான் கையொப்பம் வைத்திருக்கிறாள். இன்றே போனால் அது பொய்யாகுமா? போகாவிட்டால் நம்புவார்களா? அவள் அன்ரியின் காரில் ஏறினாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, வெளியே நின்ற கொட்பிறியைப் பார்த்தாள்.

“தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி?”

“என்ன?”

“உங்களுக்கு.”

“நான் சீனி போடுறேல்லை.”

பரீட்சைக்குப் போகிறவள்போல அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். கார் நகர்ந்தது. எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்க வாயெடுத்தாள். அன்ரி பக்கத்தில் இருந்தார்.